ஃபூக்கோ அறிவொளிக்கு எதிரியா?

பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோ, 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் பகுத்தறிவு இயக்கமான அறிவொளிக்கு எதிரி இல்லை. சிறையையும் மனநல விடுதியையும் அவ்வளவு விமர்சித்தவர் 1984-இல் ஜெர்மன் தத்துவஞானி காண்டின் 'அறிவொளி என்றால் என்ன?' கட்டுரையை மதிப்போடு எடுத்துப் பேசுவது முரண் இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அப்படிப் படவில்லை.

குழப்பம் பெரும்பாலும் 'அறிவொளி' என்ற சொல்லால்தான் வருகிறது. பகுத்தறிவு எக்காலத்துக்கும் ஒன்றே, வரலாறு முன்னேறிக்கொண்டே போகும் என்ற கோட்பாட்டுக்கும் அதுதான் பெயர். இதை ஃபூக்கோ ஏற்பதில்லை. தன் காலத்தையே கேள்வி கேட்கும் மனப்பாங்குக்கும் அதே பெயர். 1784 கட்டுரையில் காண்ட் ஒரு சோம்பலைக் காட்டுகிறார்: எனக்காகப் புரிந்துகொள்ளப் புத்தகம், மனசாட்சிக்கு மதகுரு, என்ன சாப்பிடலாம் என்று சொல்ல மருத்துவர், அப்புறம் நான் ஏன் மெனக்கெட வேண்டும்? இதற்கு எதிராகத்தான் 'துணிந்து அறி' என்கிறார். எவ்வளவு அழகான இடம்! அந்தத் துணிவைத்தான் ஃபூக்கோ எடுத்துக்கொள்கிறார்.

ஒன்று செய்து பாருங்கள். ஃபூக்கோவின் 1984 கட்டுரையில் 'அறிவொளி' வரும் இடங்களில் 'கோட்பாடு', 'மனப்பாங்கு' இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் படியுங்கள். 'ஆதரவா, எதிர்ப்பா, சொல்' என்ற மிரட்டலை அவர் மறுக்கும் பத்தி அப்போது தெளிவாகும்.

ஆனால் ஜெர்மன் தத்துவஞானி ஹேபர்மாஸ் இதில் திருப்தி அடையவில்லை. பொது அளவுகோலே இல்லாமல் எதை வைத்து விமர்சிப்பது என்பது அவருடைய ஆட்சேபம். அதற்கு ஃபூக்கோவிடம் முழுப் பதில் இருப்பதாக நான் நினைக்கவில்லை.