சன்ரூஃப் ஒழுகினால் முதலில் சிலிக்கான் டியூபைக் கீழே வையுங்கள்

கேள்வி: எங்களுடையது நான்கு வருடம் ஓடிய ஏழு சீட் கார், சன்ரூஃப் உள்ள மாடல். சென்ற வாரம் இரவெல்லாம் மழை. காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப்போகும்போது பிரேக் போட்டதும் முன்பக்க ரூஃப் லைட் வழியாகத் தண்ணீர் கொட்டியது. முன்சீட்டின் இடதுபக்கக் கால்மிதியும் சொதசொதவென்று இருக்கிறது. கம்பெனி சர்வீஸில் சன்ரூஃப் செட்டையே மாற்ற வேண்டும், ஐம்பதாயிரத்துக்கு மேல் ஆகும் என்கிறார்கள். தெருமுனை மெக்கானிக்கோ சுற்றிலும் சிலிக்கான் அடித்துவிடலாம், 800 ரூபாய் போதும் என்கிறார். எதைச் செய்வது? (தாம்பரம் வாசகி)

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள்.

சன்ரூஃப் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் தண்ணீரை முழுசாகத் தடுத்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அதன் வேலை அதுவல்ல. கொஞ்சம் தண்ணீர் உள்ளே இறங்கத்தான் செய்யும். அதைப் பிடிக்கக் கண்ணாடிக்குக் கீழே ஒரு வாய்க்கால் இருக்கிறது. அதன் மூலைகளிலிருந்து, பெரும்பாலும் நான்கு, பென்சில் பருமனுள்ள குழாய்கள் பில்லர்களுக்குள் (கூரையைத் தாங்கும் தூண்கள்) இறங்குகின்றன. முன்குழாய்கள் பொதுவாக முன்கதவுக் கீல் பக்கமும், பின்குழாய்கள் பின்சக்கரம் அல்லது பம்பர் பக்கமும் தண்ணீரை வெளியே விடும். குழாய் அடைத்தால் வாய்க்கால் நிரம்பித் தண்ணீர் டாப் லைனிங்குக்குள் (கூரையின் உள்பக்க விரிப்பு) வழியும். வேப்பமரத்தடியில் நிறுத்தும் காருக்குச் சித்திரையில் விழுந்த பூ ஐப்பசியில்தான் தன் வேலையைக் காட்டும்.

பிரேக் போட்டதும் கொட்டியது என்ற ஒரு வரியிலேயே பாதி விடை வந்துவிட்டது. தேங்கிய நீர் முன்னோக்கிப் பாய்கிறது, ஆகவே முன்குழாய்களைப் பாருங்கள். கால்மிதி இடதுபக்கம் நனைவதால் முதலில் இடது. (மழையே இல்லாமல், ஏ.சி. ஓடும்போது மட்டும் அந்த மிதி நனைந்தால் அது ஏ.சி. தண்ணீர்க் குழாய் அடைப்பு. வேறு வேலை.)

சோதனை எளிது. காரைச் சமதரையில் நிறுத்திச் சன்ரூஃபை முழுதாகத் திறவுங்கள். முன்மூலையில் குழாய் வாய் தெரியும். அரை டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். சில நொடிகளில் காருக்கு அடியில் அதே பக்கம் சொட்ட வேண்டும். தண்ணீர் அப்படியே நின்றால் அதுதான் அடைப்பு, இன்னும் ஊற்றாதீர்கள். போகிறது, ஆனால் காருக்குள் நனைகிறது என்றால் குழாய் கழன்றிருக்கிறது அல்லது கிழிந்திருக்கிறது. அதற்குப் பில்லர் மூடியைக் கழற்ற வேண்டும். அங்கே ஏர்பேக் இருக்கலாம் என்பதால் நீங்கள் கைவைக்காமல் சர்வீஸில் விடுங்கள்.

அடைப்பை எடுக்க, புல்வெட்டும் மெஷினுக்குப் போடும் 2 மி.மீ. நைலான் நரம்பு ஒரு இரண்டு மீட்டர் போதும். முனையைத் தீயில் லேசாகக் காட்டி மழுங்கச் செய்து, திருகியபடி மேலிருந்து விடுங்கள். முட்டினால் குத்தாதீர்கள், பின்னால் இழுத்து மறுபடி விடுங்கள். கீழ்முனையில் ரப்பர் மூடியில் சிறு பிளவு இருக்கும். பாதிக் கேஸ்களில் மண் அடைந்து கிடப்பது அங்கேதான். விரலால் பிதுக்கினாலே கறுப்புச் சேறு வரும். பிறகு இளஞ்சூட்டு நீரில் ஒரு சொட்டு ஷாம்பு கலந்து ஊற்றி அலசுங்கள்.

பைக் பிரேக் ஒயரை விடாதீர்கள், குழாயைக் கிழிக்கும். அதைவிடப் பெரிய கேடு வாட்டர் வாஷ் கடையில் கம்ப்ரசர் காற்றை முழு வேகத்தில் அடிப்பது. அடைப்பு போகாது, பில்லருக்குள் குழாய் இணைப்பிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். 200 ரூபாய் வேலை லைனிங்கை இறக்கும் வேலையாகிவிடும். வாக்குவம் கிளீனரால் கீழிருந்து உறிஞ்சினால் ஆபத்தில்லை.

இனி அந்தச் சிலிக்கான். சன்ரூஃபைச் சுற்றி அடைத்தால் கண்ணாடி திறக்காது, மோட்டார் இழுத்துப் பழுதாகும். பீடிங்கில் தப்பித்தவறி ஓர் இடம் விட்டாலும் தண்ணீர் நுழையும், குழாய் அடைத்தபடியேதான் இருக்கும். புளித்த காடி வாடை வரும் மலிவுச் சிலிக்கான் இரும்பை அரிக்கும். சிலிக்கான் பட்ட இடத்தில் பின்னாளில் பெயின்ட் ஒட்டாது, குழி குழியாக விலகும். எம்-சீலும் அப்படித்தான்: ஓடும் காரின் தகடு ஆடும், அது ஆடாது, விரிசல் விடும். பீடிங்குக்கு வேஸ்லின், தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கமும் வேண்டாம். ரப்பர் ஊதித் தளர்ந்துவிடும். ரப்பருக்கான சிலிக்கான் ஸ்ப்ரே வேறு பொருள், அது சரி.

சன்ரூஃப் குழாய்தான் காரணம் என்பதற்கு ஒரு விலக்கு இருக்கிறது, அதைக் கவனியுங்கள். முன்கண்ணாடி எப்போதாவது மாற்றப்பட்டதா? இன்சூரன்ஸ் க்ளெய்மில், அவசர அவசரமாக? அப்படியானால் நான்கு குழாயும் சுத்தமாக இருந்தாலும் ஒழுகும். பழைய பசையைச் சீராக வெட்டாமல், பசை பிடிக்க முதலில் பூசும் பிரைமர் போடாமல் ஒட்டியிருப்பார்கள். மேல்விளிம்பில் நூலளவு இடைவெளி போதும், தண்ணீர் லைனிங்குக்குள் ஓடி லைட் வழியாக இறங்கும். பார்க்கிறவர் சன்ரூஃப் என்றே சொல்வார். பிரித்தறிய, சன்ரூஃபை மூடி, ஓஸ் பைப்பில் மெல்லிய நீரை முன்கண்ணாடியின் அடிவிளிம்பில் தொடங்கி, ஓரிடத்தில் ஐந்து நிமிடம் என்று மேல்நோக்கி நகர்த்துங்கள். சன்ரூஃபுக்குப் போகாதீர்கள். உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்காரட்டும். மேலிருந்து தொடங்கினால் வழியும் நீர் எல்லாவற்றையும் நனைத்து ஒன்றும் தெரியாமல் போகும். கண்ணாடி மேல்விளிம்பில் நீர் படும்போது சொட்டினால், கண்ணாடியை எடுத்து மறுபடி ஒட்டுவதே தீர்வு. வெளியே பூசுவது ஆறு மாதம்கூட நிற்காது. ஒட்டிய கடைக்காரரிடம் பில்லைக் காட்டி, காசில்லாமல் செய்யச் சொல்லுங்கள்.

சர்வீஸ் அட்வைசர் ஏன் செட்டையே மாற்றச் சொல்கிறார்? அரைமணி நேரக் குழாய் சுத்தத்துக்கு அவருக்குப் பெரிய பில் விழாது. டார்கெட் வைத்து ஆளை உட்காரவைத்தால் இதுதான் நடக்கும். ஏ.சி. வாசனை ஸ்ப்ரேயை ஒவ்வொரு சர்வீஸிலும் நினைவாகக் கேட்கிறவர்கள் இந்தக் குழாயைப் பற்றி ஒருநாளும் பேசுவதில்லை. வாரன்டியில் கேட்டால் அடைப்பு பராமரிப்புக் குறை என்று தள்ளுவார்கள். இன்சூரன்ஸும் பொதுவாக இந்த ஒழுகலுக்குத் தராது, அது வெள்ளச் சேதத்துக்கு. ‘நான் க்ளெய்ம் வாங்கித் தருகிறேன், கமிஷன் மட்டும் கொடுங்கள்’ என்று வரும் ஏஜென்டிடம் பொய்க் காரணம் எழுதிய படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மாட்டப்போவது நீங்கள். செட் மாற்றத்தான் வேண்டும் என்று சர்வீஸில் பிடிவாதம் பிடித்தால், டம்ளர் சோதனையை உங்கள் கண்ணெதிரே செய்து காட்டி, காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள். வாய்க்கால் சட்டம் விரிசல் விட்டிருந்தால் மட்டுமே அந்தச் செலவுக்கு நியாயம். எழுதித் தர மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915.

கால்மிதியை வெயிலில் போட்டால் போதாது. கார்பெட்டுக்கு அடியிலுள்ள பஞ்சு வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைக்கும்; அங்கேதான் ஒயர் கனெக்டர்கள் போகின்றன. கதவோரப் பிளாஸ்டிக் பட்டையை எடுத்துக் கார்பெட்டைத் தூக்கி, அடியில் கையை விட்டுப் பாருங்கள். நீர் பிதுங்கினால் சீட்டைக் கழற்றிப் பஞ்சை வெளியே எடுத்து உலர்த்தச் சொல்லுங்கள். சீட்டுக்கடியில் ஏர்பேக் ஒயர் இருப்பதால், பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் விட்டபிறகே அதைத் தொட வேண்டும்.