கடலே இல்லாத மத்திய ஆசியா: நீலகிரி நண்பர்களின் கேள்விகளுக்குப் பதில்

குன்னூர் நண்பர்: சார், கஜகஸ்தானுக்குக் காஸ்பியன் கடல் இருக்கிறதே, அப்புறம் எப்படி அது கடல் இல்லாத நாடு?

காஸ்பியன் பெயரில்தான் கடல், உண்மையில் பெரிய ஏரி. அதிலிருந்து கப்பல் வெளியே போக ரஷ்யாவின் வோல்கா-டான் கால்வாயைத்தான் நம்ப வேண்டும். உஸ்பெகிஸ்தான் நிலைமை இன்னும் மோசம், அதைச் சுற்றியிருக்கும் நாடுகளுக்கும் கடல் கிடையாது. உலகத்தில் அப்படி இன்னொரு நாடு லீக்டன்ஸ்டைன் மட்டும்தான்.

கோத்தகிரி அக்கா: இப்போது ஏன் திடீரென்று எல்லா நாடும் அங்கே போகிறது?

யுரேனியம் ஒரு காரணம், உலக உற்பத்தியில் 40 சதவீதம் அளவுக்கு கஜகஸ்தானிலிருந்து வருகிறது. துர்க்மெனிஸ்தானின் எரிவாயு 2009 முதல் குழாயில் சீனாவுக்குப் போகிறது. ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது பாதை. 2022இல் உக்ரைன் போர் பெரிதான பிறகு ரஷ்யா வழியாகச் சீனச் சரக்கை அனுப்பத் தயங்கியவர்கள், கஜகஸ்தானைக் கடந்து அதன் காஸ்பியன் துறைமுகமான அக்தாவில் கப்பலேற்றி, அஜர்பைஜானின் பாகு, ஜார்ஜியா என்று ஐரோப்பாவுக்கு அனுப்புகிறார்கள். சீன எல்லையில் கோர்கோஸ் என்று ஓர் உலர் துறைமுகம், அதாவது கடலில்லாத இடத்தில் சரக்கு மாற்றும் நிலையம். சீனத் தண்டவாள அகலம் 1,435 மில்லிமீட்டர், கஜகஸ்தான் பக்கம் 1,520. நம் மலை ரயிலில் இறங்கியவர்கள் மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸுக்கு மாறுகிற மாதிரி, அங்கே ஒவ்வொரு கண்டெய்னரையும் கிரேனால் தூக்கி வேறு ரயிலில் வைக்கிறார்கள். பாலைவன ஓரத்தில் அத்தனை பேருக்கு வேலை வந்ததே இதனால்தான்.

மஞ்சூர் சிறு விவசாயி: நம் தேயிலைக்கு இதில் ஏதாவது உண்டா சார்?

கண்டிப்பாக உண்டு. கஜகஸ்தானும் சேர்ந்திருந்த சோவியத் ஒன்றியம் இந்தியத் தேயிலையை அள்ளி வாங்கிய காலம் ஒன்று இருந்தது. 1991இல் அது உடைந்து அந்தச் சந்தை சரிந்தது. 90களின் கடைசியில் பசுந்தேயிலை விலை விழுந்தபோது நம் மலையில் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். கஜகஸ்தான்காரர்கள் பால் விட்டுக் கடுமையாகத் தேநீர் குடிப்பவர்கள், இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிச் செய்யும் நம் சிடிசி தூள் அதற்கு ஏற்றது. சுருக்கு வழி ஈரான்தான்: பந்தர் அப்பாஸ் துறைமுகத்தில் இறக்கினால் அங்கிருந்து ரயில் இருக்கிறது, துர்க்மெனிஸ்தான் வழியாகக் கஜகஸ்தான் வரைக்கும் 2014இல் பாதையை இணைத்துவிட்டார்கள். ஈரானின் சாபஹார் துறைமுகத்தில் ஒரு முனையத்தை 10 ஆண்டு நடத்த 2024 மே மாதம் இந்தியா கையெழுத்திட்டது. ஆனால் ஈரான் மீதான அமெரிக்கத் தடைகளால் வங்கியும் காப்பீடும் பின்வாங்குகின்றன. அதனால் விற்பனையை இந்த ஒரு பாதையை மட்டும் நம்பி வைக்காதீர்கள்.

ஊட்டி மாணவி: ஐயா, அங்கே தண்ணீர்ப் பிரச்சினை உண்டா?

பெரிய பிரச்சினையம்மா. பாமிர், தியான்ஷான் மலைகளிலிருந்து வரும் அமு தாரியா, சிர் தாரியா ஆறுகளைப் பருத்திக்குத் திருப்பியதில் ஏரல் கடல் என்கிற பெரிய ஏரியின் பெரும்பகுதி வற்றிப்போனது. இப்போது காஸ்பியன் நீர்மட்டமும் இறங்குகிறது, அக்தாவில் கப்பல்கள் முழுப் பாரம் ஏற்ற முடியாமல் தூர் வார வேண்டி வந்தது.