அந்தியூர் சந்தையில் வாங்கிய குதிரை எதைக் கண்டாலும் மிரள்கிறது, கிரவுண்ட் ஒர்க் செய்தால் மாறுமா?

மாறும். என் குதிரை மாறியது, அதை வைத்துத்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

நீங்கள் கோபிப் பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறு வயது மார்வாரி இனப் பெட்டை, குருநாதசாமி கோவில் ஆடித் திருவிழாச் சந்தையில் வாங்கியது. கயிற்றைப் பிடித்தாலே தலையைத் தூக்குகிறது, லாரி ஹாரன் கேட்டால் முன்னங்கால் இரண்டையும் தூக்கி எழுந்து நிற்கிறது, பின்பக்கம் யாரையும் அண்ட விடுவதில்லை. இரண்டு பேர் முள் கடிவாளம் போட்டு நாலு சாத்து சாத்தச் சொல்கிறார்கள், ஒருவர் மட்டும் ஏறுவதை நிறுத்திவிட்டுத் தரையில் நின்று பழக்கச் சொல்கிறார். அப்படித் தரையில் நின்று பழக்குவதுதான் கிரவுண்ட் ஒர்க். அந்த ஒருவர் பேச்சைக் கேளுங்கள். முள் கடிவாளத்தைக் கையால் தொடாதீர்கள். வண்டி இழுக்கிற, சுமை சுமக்கிற விலங்குகளுக்காக 1965இல் வந்த வதைத் தடுப்பு விதிகளே அதைத் தடை செய்திருக்கின்றன. அதைவிடப் பெரிய காரணம், பயத்தில் இருக்கிற உயிருக்கு வாயில் வலியும் சேர்ந்தால், ஹாரன் கேட்டதும் வலிக்கும் என்றுதான் அது கற்றுக்கொள்ளும்.

எங்கள் தோட்டம் தாராபுரம் பக்கம். 2017 ஆடியில் அதே சந்தையில் கத்தியவாரி இனப் பெட்டை ஒன்று வாங்கினோம். சுழி பார்த்தோம், பல்லைப் பார்த்து வயது கேட்டோம், காது நுனி இரண்டும் தொட்டுக்கொள்கின்றனவா என்று பார்த்தோம், நடக்கவிட்டுப் பார்த்தோம். கண்ணைப் பார்க்கவில்லை. கண்ணில் வெள்ளை தெரிய, மூக்குத் துவாரம் விரிய, வாலை ஒட்ட வைத்துக்கொண்டு நின்றது, நான் அதைத் துடியான குதிரை என்று நினைத்துக்கொண்டேன். மேளச் சத்தம் கேட்டால் நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றிக் குதிக்கும், ஆட்டக் குதிரையாகப் பழக்கியிருப்பார்கள் போல. அந்தக் குதிப்பையும் நாங்கள் ரசித்தோம். பயம் என்று அப்போது தெரியவில்லை.

எங்கள் ஊரைச் சுற்றிக் காற்றாடிகள், மின்சாரம் எடுக்கிற காற்றாலைகள். பொழுது சாயும்போது இறக்கையின் நிழல் நீளமாக நிலத்தில் விழுந்து, வேலிகளுக்கு நடுவே போகிற இட்டேரித் தடத்தைக் கடந்து, களத்தைக் கடந்து, சுற்றிச் சுற்றி வரும். நமக்கு அது கண்ணிலேயே படாது. குதிரைக்கோ ஏதோ ஒன்று தரையில் ஓடி வருகிற மாதிரி. போதாததற்குக் கிளுவை வேலிக்குள்ளிருந்து மயில்கள் படபடவென்று எழும்பும். வந்து இருபதாவது நாளோ என்னவோ, கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு ஓட்டிப் போனேன், நிழல் வந்தது, குதிரை பறந்தது, நான் இழுபட்டேன். நைலான் கயிறு, உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. அந்த ஆத்திரத்தில் கயிற்று நுனியால் அதை அடித்தேன். அடுத்த நாள் நான் கட்டுத்தரைக்குள் நுழைந்ததும் அதன் தோள் சதை நடுங்கியது. அதை இப்போது எழுதும்போதும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

எனக்கு வழி காட்டியவர் பழனி அடிவாரத்தில் முன்பு குதிரை வண்டி ஓட்டிய ஒரு பாய். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். வந்தவர் குதிரையை நேரே பார்த்து நடக்கவில்லை, பக்கவாட்டில் போய்த் தோளுக்கு அருகே நின்றார். கயிற்றைக் கீழ்நோக்கி லேசாக, மிக லேசாகப் பிடித்தார். குதிரை தலையை மேலே இழுத்தது. அவர் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை, அப்படியே நின்றார். ஒரு நிமிடம் போயிருக்கும், தலை ஒரு விரற்கடை தாழ்ந்தது, அந்தக் கணத்தில் கயிறு தளர்ந்தது. மறுபடி. மறுபடி. கால்மணி நேரத்தில் என் குதிரை மூக்கை முழங்கால் உயரத்துக்கு இறக்கிக்கொண்டு நின்றது. வாங்கியதிலிருந்து அப்படி ஒருநாளும் நான் பார்த்ததில்லை. "இழுக்குறதுல ஒண்ணும் இல்ல தம்பி, விடுறதுலதான் இருக்கு. எப்ப விட்டீங்களோ அதத்தான் அது படிக்கும்" என்றார்.

கிரவுண்ட் ஒர்க் என்று சொல்வதில் எனக்குத் தெரிந்த சாரம் அவ்வளவுதான். நாங்கள் மாடு வளர்த்தவர்கள், மூக்கணாங்கயிறு போட்டு இழுத்தால் வரும் என்று பழகிய கை. குதிரை இழுப்புக்கு எதிராக இழுக்கிற பிராணி, முந்நூற்றைம்பது நானூறு கிலோ எடை, பலத்தில் நாம் ஜெயிக்கவே முடியாது. அது தலையைத் தூக்கும்போது நீங்கள் பயந்து கயிற்றை விட்டால், தலையைத் தூக்கினால் விட்டுவிடுவார்கள் என்று அது படித்துக்கொள்கிறது. இறக்கும்போது விடத் தவறினால், இறக்கிப் பயனில்லை என்று படித்துக்கொள்கிறது. உங்கள் குதிரை கயிற்றைப் பிடித்ததும் தலை தூக்குவது கெட்ட குணத்தால் அல்ல, யாரோ தெரியாமல் அப்படிக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

ஆனால் இதைத் தொடங்குவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு வாயைப் பார்க்கச் சொல்லுங்கள். குதிரையின் கடைவாய்ப் பல் தேயத் தேய மேலே வந்துகொண்டே இருக்கும், ஓரம் கூராகிக் கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும், அராவிவிட வேண்டும். முதுகு, குளம்பு, கண் எல்லாம் பார்க்கட்டும். குதிரை பார்த்துப் பழகிய மருத்துவர் உள்ளூரில் இல்லையென்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேளுங்கள். வலியில் மிரள்கிற குதிரைக்குப் பயிற்சி கொடுப்பது பாவம்.

தீனியும் அப்படித்தான். காலையில் கொள்ளு, சாயங்காலம் கொள்ளு, நடுவில் வெறும் வாய் என்று கட்டிப்போட்டால் குதிரைக்கு வயிறு எரியும். மாட்டுக்கு அசை போடுகிற வயிறு, குதிரைக்குச் சின்ன ஒற்றை வயிறு. அதில் அமிலம் நாள் முழுக்கச் சுரக்கும், அதை ஆற்றுகிற எச்சிலோ மென்றால்தான் ஊறும். வெளியே விட்டால் ஒரு நாளில் பதினைந்து மணி நேரத்துக்கு மேலும் மேயும். அதனால்தான் காலி வயிற்றோடு நிற்கிற குதிரைக்கு வயிற்றுப்புண் வருகிறது, புண் இருந்தால் தொட்டதற்கெல்லாம் சிடுசிடுக்கும். நான் கொள்ளைக் குறைத்து, எங்கள் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப்புல் மேய அவிழ்த்துவிட்டேன், பக்கத்தில் துணைக்கு ஒரு எருமைக் கன்று. பயிற்சி எதுவும் தொடங்காமலே இரண்டு வாரத்தில் பாதி நடுக்கம் குறைந்தது. உங்களிடம் மேய்ச்சல் நிலம் இல்லையென்றால் சோளத்தட்டோ புல்லோ எந்நேரமும் முன்னால் கிடக்கட்டும்.

சரி, பயிற்சிக்கு வருகிறேன். பன்னிரண்டு அடிப் பருத்திக் கயிறு, மெத்தென்ற தலைக்கயிறு, கடிவாளம் வேண்டாம். காலில் மூடிய ஷூ, தலையில் ஹெல்மெட், கையில் கயிற்றைச் சுற்றவே கூடாது, மடித்துப் பிடியுங்கள். முன்னங்கால் தூக்குகிற குதிரைக்கு நேர் முன்னால் எப்போதும் நிற்காதீர்கள், அதற்கும் அங்கே பார்வை விழாது. இரண்டு பக்கமும் கண் இருப்பதால் சுற்றிலும் ஏறக்குறைய எல்லாம் தெரியும், நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும்தான் தெரியாது. இதுவும் நினைவிருக்கட்டும்: வெயிலிலிருந்து இருட்டான லாயத்துக்குள் வரும்போது குதிரையின் கண் பழக நம்மைவிட நேரம் பிடிக்கும். வாசலில் நின்று முரண்டு பிடித்தால் அடிக்காதீர்கள், நிற்கட்டும்.

முதலில் பாய் செய்த தலை தாழ்த்தல். அது வந்ததும் ஓரடி பின்னால் வைக்கக் கேளுங்கள், வைத்ததும் தளர்த்துங்கள். அப்புறம் உங்கள் குதிரைக்கு மிக அவசியமானது, பின்புறத்தை விலக்கக் கற்பிப்பது. தோளருகே நின்று, கயிற்றால் தலையைக் கொஞ்சம் உங்கள் பக்கம் திருப்பி, அதன் இடுப்பைப் பார்த்து இரண்டடி நடங்கள். உங்கள் பக்கத்துப் பின்னங்கால் வயிற்றுக்கு அடியில் மற்றதைக் குறுக்காகக் கடந்து போகும். கடந்ததும் நின்றுவிடுங்கள். எழுந்து நிற்க வேண்டுமானால் குதிரை பின்னங்கால் இரண்டையும் ஊன்ற வேண்டும், குறுக்கே கால் போட்டுக்கொண்டு எழ முடியாது. ஹாரன் சத்தம் வரும் நேரத்தில் உங்களிடம் இந்த ஒரு பாடம் இருந்தால் போதும், சண்டையே வராது. இடது பக்கம் வந்தது வலது பக்கம் வராது, இரண்டு பக்கமும் தனித்தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கயிறு இல்லாமலும் உடம்பு பேசும் என்பது நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதில்லை. சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோவில் பக்கம் சலகெருது என்று பழக்கிய காளை ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். உறுமி அடிக்க, முன்னால் நிற்பவர் கோலையும் உடம்பையும் வைத்தே அதை முன்னும் பின்னும் வர வைக்கிறார். குதிரை அதைவிடவும் நுணுக்கமாகப் பார்க்கும். பெர்லினில் 1904 வாக்கில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை கணக்குப் போடுகிறது என்று உலகமே பேசியது, குளம்பால் தட்டி விடை சொல்லும். 1907இல் ஒருவர் சோதித்துப் பார்த்தபோது, கேள்வி கேட்டவருக்கே தெரியாமல் அவர் தலையும் உடம்பும் துளி அசைவதைக் கண்டுதான் அது தட்டுவதை நிறுத்துகிறது என்று தெரிந்தது. அவ்வளவு பார்க்கிற பிராணிக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு, தோளை இறுக்கிக்கொண்டு நின்றால், ஏதோ ஆபத்து இருக்கிறது என்று நாமே சொல்கிறோம். வேலை கெட்ட எரிச்சலோடு இருக்கிற நாளில் கயிற்றைத் தொடாதீர்கள். பிடரி முடிந்து முதுகு தொடங்குகிற மேட்டில் சொறிந்துவிட்டு வந்துவிடுங்கள். குதிரைகள் ஒன்றுக்கொன்று சொறிந்துகொள்கிற இடம் அது, அங்கே சொறிந்தால் இதயத் துடிப்பே குறையும்.

பயப்படும் பொருளுக்குப் பழக்குவதில்தான் பெரும்பாலானவர்கள் கெடுக்கிறார்கள். கட்டிப்போட்டுவிட்டு முன்னால் தகரம் தட்டுவது, தார்ப்பாயை மேலே போடுவது. கொஞ்ச நேரம் திமிறிவிட்டு அசையாமல் நிற்கும், பழகிவிட்டது என்பார்கள். அது பழகவில்லை, தப்பிக்க வழியில்லை என்று உறைந்து நிற்கிறது, இன்னொரு நாள் வெடிக்கும். வட்டமாக ஓடவிட்டுக் களைக்க வைப்பதும் வேண்டாம், மூட்டுதான் கெடும்.

நிழலுக்கு நான் செய்தது இது. சாயங்காலம் நிழல் விழும் இடத்துக்கு நூறடி தள்ளி நின்றேன். காது இரண்டும் அந்தப் பக்கம் திரும்பும், ஆனால் கால் நகராது, அந்த இடம். குதிரை பார்க்கும்வரை பார்க்கட்டும் என்று நின்றேன். காதில் ஒன்று என் பக்கம் திரும்பியதும், அது திரும்பி ஓட நினைப்பதற்கு முன்பே, நானே திருப்பி அழைத்து வந்துவிட்டேன். அடுத்த நாள் ஐந்தடி முன்னால். சில நாள் பத்தடி பின்னால். பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஒருநாளும் செய்யவில்லை. ஹாரனுக்கும் அப்படித்தான், செல்போனில் பதிவு செய்து மிகச் சன்னமாக வைத்து, புல் மேயும்போது ஓடவிட்டோம். தார்ப்பாயை ஆளை விட்டு முன்னால் இழுத்துக்கொண்டு போகச் சொல்லி, குதிரையைப் பின்னால் நடத்தினேன். தன்னை விட்டு விலகிப் போகிற பொருளைக் கண்டால் அதற்குத் துணிச்சல் வருகிறது.

நான்கு மாதம் ஆனது. நடுவில் இரண்டு முறை முதலிலிருந்து தொடங்க வேண்டி வந்தது. ஐப்பசியில் காற்று அடங்கி இறக்கைகள் நின்றுவிட்டன, அடுத்த வைகாசியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மறுபடி கிளம்பியதும் பழைய மிரட்சி கொஞ்சம் எட்டிப் பார்த்தது, ஆனால் இந்த முறை ஐந்தே நாளில் அடங்கியது.

எப்போது ஏறலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நாள் கணக்கு சொல்ல மாட்டேன். கயிறு தொங்கலாக இருக்கும்போது உங்களோடு நடந்து, நீங்கள் நின்றால் நிற்கிறதா, சேணத்தை எடுத்து வரும்போது தலை தாழ்ந்தே இருக்கிறதா, திடுக்கிட்டாலும் ஓடாமல் உங்கள் பக்கம் காதைத் திருப்புகிறதா என்று பாருங்கள். இந்த மூன்றும் ஒரு வாரம் தொடர்ந்து வந்த பிறகு ஏறுங்கள். உங்களை நோக்கி முன்னங்காலால் அடிக்கவோ கடிக்கவோ வந்தால் மட்டும் தனியாகச் செய்யாதீர்கள், அனுபவமுள்ள ஆள் ஒருவர் கூட இருக்கட்டும்.

என் குதிரை இன்றும் கிழக்கு இட்டேரியில் ஓரிடத்தில் நிற்கும். முன்பு நான் இழுபட்ட இடம். நானும் இறங்கி நிற்பேன், அரை நிமிடம் பார்க்கும், மூச்சை விடும், அப்புறம் நடப்போம்.