லஞ்சம் வாங்கும் மூக்கு

கேள்வி: மோப்ப நாய்க்கு சாதி தெரியாது, லஞ்சம் தெரியாது, பொய் சொல்லத் தெரியாது. அப்படியிருக்க, அது காட்டும் துப்பை நீதிமன்றங்கள் முழு ஆதாரமாக ஏற்காதது ஏன்?

பதில்: லஞ்சம் தெரியாதா? யார் சொன்னது? மோப்ப நாயின் பயிற்சியே லஞ்சத்தில்தான் நடக்கிறது. வெடிமருந்தைக் கண்டுபிடித்தால் ரப்பர் பந்து. கஞ்சாவைக் கண்டுபிடித்தால் சுருட்டிய துண்டு, கூடவே கொஞ்ச நேரம் இழுபறி விளையாட்டு. நாய்க்குக் கஞ்சா மேல் கோபமும் இல்லை, சட்டத்தின் மேல் மரியாதையும் இல்லை. அது தேடுவது பந்தை. போகிற வழியில் கஞ்சா இருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பந்தையும் அந்த நொடியே கொடுத்துவிட வேண்டும். தாமதித்தால் எதற்குக் கிடைத்தது என்றே அதற்குப் புரியாது. முன்பணமும் கிடையாது, கடனும் கிடையாது. இவ்வளவு கறாரான ஆளை நான் இன்னும் எந்த அலுவலகத்திலும் பார்க்கவில்லை.

மூக்கில் குறை இல்லை. மோப்பம் பிடிக்கும் உணர்விகள் நமக்கு 50, 60 லட்சம் என்றால், சில நாய் இனங்களுக்கு 20 கோடிக்கும் மேல். மூச்சை வெளியே விடும்போது காற்று மூக்கின் பக்கவாட்டுப் பிளவு வழியே போய்விடுவதால், பிடித்த வாசனை கலைவதும் இல்லை. சிக்கல் கயிற்றின் மறுமுனையில் இருக்கிறது. 2011-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் 18 நாய்களையும் அவற்றைக் கையாளும் காவலர்களையும் ஒரு தேவாலயத்துக்குள் அனுப்பினார்கள். உள்ளே போதைப்பொருளும் இல்லை, வெடிமருந்தும் இல்லை. சிவப்புக் காகிதம் ஒட்டிய இடத்தில் சரக்கு இருப்பதாகக் காவலர்களிடம் மட்டும் புளுகிவைத்தார்கள். 'நாய் காட்டிவிட்டது' என்று அறிவிப்புகள் குவிந்தன, அதிலும் காகிதம் இருந்த இடங்களில் அதிகமாக. நாய்க்குச் சிவப்பு சரியாகத் தெரியவும் தெரியாது!

நம் உச்ச நீதிமன்றம் 1969-லேயே இதைப் பேசிவிட்டது. நாயைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி சத்தியம் வாங்க முடியாது, குறுக்கு விசாரணை செய்ய முடியாது. அதற்குப் பதிலாக அதன் காவலர்தான் வந்து பேச வேண்டும். துப்பு துலக்க நாய் உதவட்டும், தண்டனை கொடுக்க வேறு ஆதாரம் வேண்டும். உங்கள் கேள்விக்கான பதில் இவ்வளவுதான்.

இனி என் பழைய வழக்கு. 'மோப்ப நாய் சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டது. யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை.' தலைமுறை தலைமுறையாக அச்சாகும் இந்த வரியை எத்தனையோ செய்திகளிலிருந்து வெட்டியிருக்கிறேன், மறுநாள் முளைத்துவிடும். யாரைக் கவ்வ வேண்டும்? வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தையா? திருடன் வண்டி ஏறிய இடத்தில் பெரும்பாலும் தடம் அறுந்துபோகும், நாய் அங்கே நின்றுவிடும். நின்ற இடமே ஒரு துப்பு. அதைத் தோல்விபோல எழுதுகிற நிருபரைத்தான் யாராவது கவ்வ வேண்டும்.

கவ்வுவது என்றதும் சர் சார்லஸ் வாரன் ஞாபகம் வருகிறது. 1888-ல் லண்டன் காவல்துறை ஆணையர். அங்கே பெண்களை வரிசையாகக் கொன்ற ஜாக் தி ரிப்பரைப் பிடிக்க பார்னபி, பர்கோ என்று இரண்டு பிளட்ஹவுண்டு மோப்ப நாய்களை வரவழைத்து ஹைட் பார்க்கில் சோதித்தார்கள். துரத்தப்படும் ஆளாக ஓடியது யார் தெரியுமா? ஆணையரே! அவ்வளவு பெரிய அதிகாரி முன்னே ஓட, நாய்கள் பின்னே வர... நினைத்தாலே மனம் குளிர்கிறது. ரிப்பர் சிக்கவில்லை. அடுத்த மாதம் வாரன் ராஜினாமா செய்தார். நாய்கள் காரணமில்லை, மேலிடத்து அனுமதி இல்லாமல் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதிவிட்டார், உள்துறை அமைச்சர் கண்டித்தார், இவர் போய்விட்டார். இந்தப் பக்கத்துக்குப் பெயர் போடாமல் கேள்வி அனுப்பும் காவல்துறை நண்பர்கள் தொடர்ந்து அப்படியே அனுப்பலாம்.