மரத்தில் செதுக்கிய குரோஷே ஊசி ஏன் முறிகிறது, நூல் ஏன் சிக்குகிறது?

வீட்டிலேயே செதுக்கிய குரோஷே ஊசியின் கொக்கி முறிந்துவிடுகிறது, நூலும் சிக்குகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். முறிவதற்குக் காரணம் பெரும்பாலும் மரத்தின் இழையோட்டம்தான். இழைகள் ஊசியின் நீளவாக்கில் நேராக ஓட வேண்டும். சற்றே சாய்ந்து ஓடினாலும், கொக்கிக்குக் கீழே கழுத்துப்போல் ஒடுங்கும் இடத்தில் அவை குறுக்கே வெட்டுப்பட்டு, நூலை இழுக்கும் விசையில் அங்கேயே முறிந்துவிடும். ஆகவே, அறுத்தெடுத்த துண்டைவிட இழையோட்டத்தை ஒட்டிப் பிளந்தெடுத்த துண்டே சிறந்தது. மூங்கிலாக இருந்தால், வலுவான நார்கள் நெருங்கியிருக்கும் வெளிப்புறப் பகுதியைப் பயன்படுத்துங்கள்.

5 மி.மீ. ஊசி வேண்டுமென்றால், ஓர் இரும்புத் தகட்டில் அந்த அளவுக்குத் துளையிட்டு, குச்சி அதில் ஆட்டமில்லாமல் நுழையும்வரை சீவுங்கள். கொக்கியின் வாயை மெல்லிய அரத்தால் சாய்வாக அராவி, விளிம்புகளை மழுக்குங்கள்.

நூல் சிக்குவதற்குக் காரணம் மெருகில் இருக்கிறது. 120, 220, 400 எண் உப்புத்தாள்களால் வரிசையாகத் தேய்த்தபின், ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து உலரவிட்டால், அதுவரை படிந்திருந்த நுண்ணிழைகள் எழுந்து நிற்கும்; அவற்றை 400 எண் தாளால் மீண்டும் தேய்த்து நீக்க வேண்டும். பலரும் அவசரத்தில் விட்டுவிடும் இந்தப் படியே என் கருத்தில் மிக முக்கியமானது. மெல்லிய நைலான் துணியில் உரசிப் பார்த்தால், எஞ்சியிருக்கும் சொரசொரப்பு உடனே தெரிந்துவிடும்.

இறுதியாக ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகப் பூசி, நன்கு காய்ந்தபின் தேன்மெழுகு தேயுங்கள். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அது தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும் என்பதால், திறந்த வெளியில் விரித்து உலர்த்துங்கள்.