கோர்ஸுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால்

ப்ளஸ் டூ வரை படிப்பு, ஆங்கிலம் சுமார், பாலர் பள்ளியில் கே1 போகும் மகன். சிங்கப்பூரில் எந்தக் கோர்ஸ் முடித்தால் வேலை கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள், சகோதரி. கோர்ஸைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் கையில் இருக்கும் பாஸ் (சிங்கப்பூரில் தங்கவோ வேலை செய்யவோ தரும் அனுமதி), அடுத்து மகனின் நேரம், அதற்கப்புறம்தான் படிப்பு. இந்த வரிசை மாறினால் பணம் போய்ச் சான்றிதழ் மட்டும் மிஞ்சும்.

என்ன பாஸ் என்று நீங்கள் எழுதவில்லை. டிபி, அதாவது கணவரின் வேலை பாஸை ஒட்டிக் குடும்பத்துக்குக் கிடைக்கும் பாஸ் என்றால் வழி குறுகல். 2021 மே முதல் டிபிக்காரர்கள் மனிதவள அமைச்சின் ஒப்புதல் கடிதத்தை மட்டும் வைத்து வேலைக்குச் சேர முடியாது. முதலாளி தனியாக வேலை பாஸ் எடுக்க வேண்டும். நடுத்தரத் திறன் ஊழியர்களுக்கான எஸ் பாஸ் என்றால் 2025 செப்டம்பரிலிருந்து குறைந்தது 3,300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பளம், வயது கூடினால் அதுவும் கூடும். அதோடு கோட்டா (வெளிநாட்டு ஊழியர் எண்ணிக்கைக்கான வரம்பு), லெவி (அவர்களுக்காக முதலாளி கட்டும் வரி) வேறு. ப்ளஸ் டூவுக்கு இவ்வளவு கொடுத்து எடுப்பவர்கள் அபூர்வம். டிபியில் இருக்கும்வரை விலை கூடிய கோர்ஸ் எதிலும் சேராதீர்கள். "பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள், கையில் காசு தருகிறேன்" என்று உங்கள் அடுக்குமாடி புளோக்கில் யாராவது கேட்டாலும் வேண்டாம். பாஸ் இல்லாமல் வேலை செய்தால் 20,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

கணவர் குடிமகன் அல்லது பிஆர் (நிரந்தரவாசி), நீங்கள் எல்டிவிபி (நீண்டகால வருகை அனுமதி) அல்லது எல்டிவிபி பிளஸ் என்றால் நிலைமையே வேறு. ஒப்புதல் கடிதத்தோடு வேலை செய்யலாம்; முதலாளிக்குக் கோட்டா, லெவி தொல்லை கிடையாது. நேர்முகத்தில் இதை முதலிலேயே சொல்லுங்கள், பல சிறிய முதலாளிகளுக்குத் தெரியாது. டபிள்யூஎஸ்க்யூ (வேலைத்திறனுக்கான தேசியச் சான்றிதழ்) கோர்ஸ்களில் குடிமக்கள், பிஆர், எல்டிவிபி பிளஸ் வைத்திருப்போருக்குப் பாதிக் கட்டணம் வரை மானியம் உண்டு. வெறும் எல்டிவிபி, டிபி என்றால் முழுக் கட்டணம். பயிற்சிக்காக அரசு தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட் குடிமக்களுக்கு மட்டும்தான்.

மானியத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. குறைந்தது 75 விழுக்காடு வருகை வேண்டும், மதிப்பீட்டிலும் தேற வேண்டும். தவறினால் மானியத் தொகையை உங்களிடமே கேட்பார்கள். நான்கு நாள் கோர்ஸில் மகனுக்குக் கை, கால், வாய் நோய் வந்தால் என்ன ஆகும்? பாலர் பள்ளி அவனை உள்ளே விடாது, உங்கள் வகுப்பு போச்சு. சேரும் முன்பே, விட்ட வகுப்பை அடுத்த பிரிவில் முடிக்கலாமா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி நேரம். குழந்தைப் பராமரிப்பு நிலையங்கள் வார நாளில் காலை 7 முதல் மாலை 7 வரை. மருத்துவமனை, தாதிமை இல்லங்களின் (முதியோர் தங்கிப் பராமரிப்புப் பெறும் இடம்) காலை ஷிஃப்ட் பெரும்பாலும் 7 மணிக்கே தொடங்கும். அதாவது நிலையத்தின் கதவு திறக்கும் நேரத்தில் நீங்கள் வார்டில் நிற்க வேண்டும். பெற்றோர் பலர் வேலையை விடுவது இந்த அரைமணி நேரத்துக்காகத்தான். மகன் தொடக்கநிலை 1க்குப் போனதும் பள்ளி மதியம் 1.30 வாக்கில் முடியும். பிறகு மாணவர் பராமரிப்பு நிலையம் வேண்டும், ஜூனிலும் ஆண்டு இறுதியிலும் நீண்ட விடுமுறை. இன்றைய நேரத்தை மட்டும் பார்த்து வேலை தேடாதீர்கள்.

உங்கள் நிலைக்கு நான் முதலில் சொல்வது முதியோர் பராமரிப்பு உதவியாளர் வேலை. ஆனால் தாதிமை இல்லத்தை விட, பகல்நேர மூத்தோர் பராமரிப்பு நிலையத்தில் கேளுங்கள். இரவு ஷிஃப்ட் இருக்காது. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, கழிவறைக்குக் கூட்டிப்போவது, குறிப்பு எழுதுவது எல்லாம் செய்ய வேண்டும். நாற்காலியிலிருந்து ஒருவரைத் தூக்கும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கத் தெரியாவிட்டால் சில மாதத்திலேயே இடுப்பு போய்விடும், பயிற்சியில் இதைக் கவனமாகக் கற்றுக்கொள்ளுங்கள். நினைவுத் தடுமாற்றம் வந்த தமிழ் முதியவர்கள் கற்ற ஆங்கிலத்தை மறந்து தமிழுக்கே திரும்புவதுண்டு. அங்கே உங்கள் தமிழ் நேரடியாக உதவும், விண்ணப்பத்தில் எழுதுங்கள்.

சிசுப் பராமரிப்பு வேலையும் உண்டு. 18 மாதத்துக்கு உட்பட்ட 5 குழந்தைகளுக்கு ஓர் ஊழியர் என்பது விதி. அதற்குத் தனிச் சான்றிதழ் வேண்டும், ஆங்கிலத் தகுதியும் பார்ப்பார்கள். உணவுக்கடை வேலைக்கு உணவுப் பாதுகாப்பு நிலை 1 என்ற ஒரு நாள் கோர்ஸ் போதும்.

ஆங்கிலத்துக்கு டபிள்யூஎஸ்க்யூவில் வேலையிட மொழித்திறன் கோர்ஸ் இருக்கிறது. படிக்க, பேச, கேட்க, எழுத என்று நிலை பிரித்துச் சான்றிதழ் தருவார்கள். ஓ லெவல் (சிங்கப்பூரின் உயர்நிலைப் பள்ளித் தேர்வு) இல்லாதவர்களிடம் பல கோர்ஸ்கள் இந்த நிலையைத்தான் கேட்கின்றன. முதல் பணத்தை இதில் போடுங்கள். ஊரிலிருந்து பத்தாம் வகுப்பு, ப்ளஸ் டூ மதிப்பெண் பட்டியல்களின் அசலை இப்போதே வரவழையுங்கள்.

என்ன பாஸ், காலை ஆறரைக்கு மகனோடு வீட்டில் யார் இருப்பார்கள் என்று எழுதுங்கள். எந்த நிலையத்தில் முதலில் கேட்கலாம் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.