ஈரப்பதம் 12.5

அன்புள்ள அக்கா,

மெல்பர்னுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. மனைவியின் வாசிப்புக் குழுவில் ஆள் குறைகிறது என்று என்னையும் இழுத்துப் போட்டுவிட்டார்கள். போன மாதம் எடுத்தது ஓர் ஆஸ்திரேலிய கிராமத்துக் காதல் நாவல். நகரத்தில் வேலை பார்க்கும் பெண், அப்பா இறந்ததும் கோதுமைப் பண்ணைக்குத் திரும்புகிறாள். அண்ணன் கடனில் இருக்கிறான். பக்கத்துப் பண்ணைக்காரன் அதிகம் பேசாதவன், நல்லவன், தொப்பி போட்டவன். மீதியை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

எட்டுப் பேரில் மூன்று பேர் அழுததாகச் சொன்னார்கள். ஒருவர் 40-ஆம் பக்கத்தோடு மூடிவிட்டார். பண்ணையில் பிறந்து வளர்ந்த ஒரு வயதான அம்மா மட்டும் அறுவடைக் காட்சி முழுக்கத் தப்பு என்று அரை மணி நேரம் கோபப்பட்டார். இணையத்தில் பார்த்தால் பாதிப் பேர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள், மற்றவர்கள் 'ஆடு அதிகம், முத்தம் குறைவு' என்கிற ரகம். எனக்கு அது முதல் பக்கத்திலேயே முடிவு தெரிந்த சூத்திரக் கதை. இதையெல்லாம் இலக்கியக் கணக்கில் சேர்க்க முடியுமா? இப்படிப்பட்ட வாசகர் கருத்துகளுக்கு என்ன மதிப்பு? (நாவல் முழுக்க நிலம், நிலம் என்கிறார்கள். பூர்வகுடி ஒருவர்கூட வரவில்லை என்பதையும் கவனித்தேன்.)

க., மெல்பர்ன்

அன்புள்ள க.,

இலக்கியமா இல்லையா என்பதை முதலில் ஓரமாக வைத்துவிடலாம். அதற்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. சூத்திரம் என்கிறீர்கள். துச்சாதனன் சாவான், பாஞ்சாலி கூந்தலை முடிவாள் என்பது தெரியாமலா நம் ஊரில் கூத்துக்கு விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள்? சரி, அது போகட்டும். 'ஆடு அதிகம், முத்தம் குறைவு' என்று எழுதிய புண்ணியவான் யாரோ, அவருக்கு என் வணக்கம். இந்த வகை நாவல்களைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை, ஆனால் எனக்கு அது புகழ்ச்சியாகத்தான் கேட்கிறது.

நான் எழுத உட்கார்ந்தது அந்த வயதான அம்மாவுக்காக. அரை மணி நேரம் கோபப்பட்டார் என்கிறீர்கள், எதற்கு என்று ஒரு வார்த்தை இல்லை. கேட்டீர்களா தம்பி? அந்த அறையில் அந்தப் புத்தகத்தின் விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவர்தான், அவரை ஒரு 'மட்டும்' போட்டுத் தாண்டிவிட்டீர்கள். அழுதவர்களை எண்ணியிருக்கிறீர்கள், பக்க எண் குறித்திருக்கிறீர்கள், நட்சத்திரம் எண்ணியிருக்கிறீர்கள். அந்த அம்மா சொன்னதில் ஒரு வாக்கியத்தையாவது காதில் வாங்கியிருக்கலாம்.

2013-இல் விக்டோரியாவின் விம்மெரா பகுதியில் ஏழு வாரம் இருந்தேன். என் தம்பி அங்கே ஒரு சின்ன ஊரில் டாக்டர், உங்கள் ஊரிலிருந்து வடமேற்கே காரில் நாலு மணி நேரம். தட்டையான பூமி, எந்தப் பக்கம் திரும்பினாலும் கோதுமைத் தாள், தூரத்தில் ரயில் தண்டவாளத்தை ஒட்டி ஒரு சைலோ (தானியத்தை வாங்கிச் சேர்த்து வைக்கிற உயரமான கிடங்கு). பகல் முழுக்கத் தம்பி ஆஸ்பத்திரியில், எனக்குப் பொழுது போக வாரத்தில் இரண்டு நாள் மட்டும் திறக்கிற ஒரு நூலகம். அங்கே ஒரு அலமாரி நிறைய இந்த நாவல்கள்தான். எல்லா அட்டையிலும் ஒரே பெண் போலிருக்கும், அகுப்ரா தொப்பி, கட்டம் போட்ட சட்டை, பின்னால் பொன்னிறமாக வயலோ வானமோ ஒன்று. 2002-இல் ரேச்சல் ட்ரெஷரின் 'ஜில்லாரூ' வந்து விற்ற பிறகு கிளம்பிய அலை இது (பண்ணையில் வேலை பழகும் பெண்ணுக்கு அங்கே அந்தப் பெயர்). பத்திரிகைக்காரர்கள் இதற்கு 'சூக் லிட்' என்றுகூடப் பட்டம் கட்டினார்கள். சூக் என்றால் கோழி, அதாவது கோழி இலக்கியம். கேலி செய்வதென்றால் எல்லா ஊர் ஆட்களுக்கும் உடனே ஒரு வார்த்தை வந்துவிடுகிறது.

அதில் ஒன்றை எடுத்து வந்தேன். வறட்சி, கடன், பிடிவாதக்கார அப்பா, நகரத்திலிருந்து திரும்பிய மகள், எல்லாம் வரிசையாக இருந்தது. இருநூறு பக்கம் போனதும் மழை வருகிறது. இடி இடிக்கிறது, கதாநாயகியும் அவனும் தகரக் கொட்டகையில் ஒதுங்குகிறார்கள், நடக்க வேண்டியது நடக்கிறது. மறுநாள் காலை அவள் துள்ளிக் குதித்து ஹெட்டரில் ஏறி (அறுவடை இயந்திரத்துக்கு அவர்கள் சொல்லும் பெயர் அதுதான்) கோதுமை அறுக்கக் கிளம்புகிறாள். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால், சிறிய, சாய்ந்த எழுத்தில் யாரோ எழுதியிருந்தார்கள்: 'ராத்திரி மழை. காலையில் அறுக்கிறாளாம். 12.5-க்கு மேல் இருக்கும். சைலோவில் திருப்பி அனுப்புவார்கள்.'

எனக்கு முதலில் விளங்கவில்லை. இரவு சாப்பாட்டின்போது தம்பியிடம் கேட்டேன், அவனுக்கும் தெரியாது, மறுநாள் அவனுடைய நோயாளி ஒருவரிடம் கேட்டு வந்து சொன்னான். கோதுமை மணியில் ஈரம் நூற்றுக்கு 12.5-ஐத் தாண்டினால் அங்கே எடுத்துக்கொள்ள மாட்டார்கள், உள்ளே போட்டால் சூடேறிக் கெட்டுவிடும். முற்றிய பயிரின்மேல் மழை பிடித்துக்கொண்டால் மணி கதிரிலேயே முளை விடும். ரொட்டிக்குப் போக வேண்டியது மாட்டுத் தீவனமாகிவிடும், விலையும் அப்படியே. 1990-களின் கடைசியில் தொடங்கிப் பத்து வருடத்துக்கு மேல் வாட்டிய வறட்சி முடிந்து, 2010 கடைசியில் மழை வந்தது, வந்த மழை அறுவடைக்கு நின்ற கோதுமையின்மேல் கொட்டியது. அவ்வளவு காலம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அதே வானத்தைப் பார்த்து நிறுத்து என்று கெஞ்சினார்கள். நாவலாசிரியருக்கு மழை என்றால் முத்தம். பென்சில்காரிக்கு மழை என்றால் எந்த மாதத்து மழை என்று முதலில் தெரிய வேண்டும்.

பென்சில்காரி என்று நானே முடிவு செய்துவிட்டேன். நூலகத்துப் பெண்ணிடம் காட்டினேன். சிரித்தாள். அந்த எழுத்து யாருடையது என்று ஊருக்கே தெரியும், பெயரை மட்டும் சொல்ல மாட்டேன் என்றாள். அப்புறம் நான் கதையை விட்டுவிட்டு அந்த எழுத்தைத் தேடியே அலமாரியைப் படித்தேன். பதினோரு புத்தகத்தில் இருந்தது. 'நல்ல நாய், ஆனால் இவ்வளவு குரைக்காது.' 'இந்த மாதம் ஈ மொய்க்கும், ஆட்டை இப்படி விடக் கூடாது.' ஓரிடத்தில் வெறுமனே, 'ஆமாம்.' கதாநாயகி தனியாக உட்கார்ந்து வங்கிக் கடிதத்தை இரண்டாம் முறை படிக்கிற இடம் அது.

இப்போது சொல்லுங்கள், வாசகர் கருத்துக்கு என்ன மதிப்பு என்று. 40-ஆம் பக்கத்தில் மூடியவருக்கு அந்தப் புத்தகத்தோடு சண்டையே இல்லை. கல்யாண வீட்டில் சாம்பாரில் உப்பு இல்லை என்று பந்தியில் குரலை உயர்த்துகிறவர் யார்? விருந்தாளி வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டுப் போய்விடுவான், சொந்தக்காரன்தான் சத்தம் போடுவான். பதினோரு புத்தகத்திலும் தப்புக் கண்டுபிடித்தவள் பன்னிரண்டாவதையும் எடுத்திருப்பாள், ஏனென்றால் ஹெட்டரின் மேல் ஒரு பெண்ணை ஏற்றி உட்கார வைத்த கதை அவளுக்கு வேறு எங்கே கிடைக்கும்?

பன்னிரண்டரையைப் பார்த்தபோது எனக்கு ஞாபகம் வந்தது பதினேழு. மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். தை மாதத்தில் அறுத்துக் களத்தில் போட்ட சம்பா நெல்லின்மேல் ஒரு வருடம் இரண்டு நாள் தூறல். கொள்முதல் நிலையத்தில் பதினேழு சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் வாங்க மாட்டார்கள். அம்மா ஒரு நெல்லை எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடிப்பாள். 'டக்' என்று உடைந்தால் காய்ந்தது, மெத்தென்று அமுங்கினால் இல்லை. அன்றைக்குக் கடித்துவிட்டு, 'பதினெட்டு இருக்கும், எடுத்துட்டுப் போகாதீங்க' என்றாள். அப்பா வண்டி கட்டிக்கொண்டு போனார். மெஷின் பதினெட்டேகால் காட்டியது. திரும்பி வந்து ரோட்டில் கொட்டி, நானும் அக்காவும் பள்ளிக்கூடம் போகாமல் காலால் கிளறிக் கிளறிக் காய வைத்தோம். பஸ் வரும்போதெல்லாம் ஒதுங்கி நின்றோம். அம்மா கடித்துச் சொன்னதைப் பற்றி யாரும் பேசவில்லை. நெல் கடைசியில் அப்பா பெயரில்தான் விற்றது, சிட்டா அடங்கலில் இருந்தது அவர் பெயர்தான்.

1891-இல் விக்டோரியாவில் குடிக்கணக்கு எடுத்தவர்கள் பண்ணையில் வேலை செய்யும் மனைவியரையும் மகள்களையும் விவசாயத்தில் ஈடுபட்டவர்களாகக் கணக்கில் காட்டுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். காரணத்தையும் அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். பழைய நாடுகளைப் போல ஆஸ்திரேலியாவிலும் பெண்கள் வயலில் இறங்கி வேலை செய்கிறார்கள் என்று வெளியில் ஒரு எண்ணம் வந்துவிடுமாம். பால் கறந்தாள், கோழி வளர்த்தாள், ஆள் இல்லாதபோது ஏரும் ஓட்டினாள், ஆனால் ஊர் என்ன நினைக்கும் என்பதற்காகக் கணக்கில் இல்லை. நூறு வருடம் கழித்து 1994-இல் மெல்பர்னில் விவசாயப் பெண்களுக்கென்று ஒரு சர்வதேச மாநாடு நடத்தினார்கள். நாங்களும் விவசாயிகள்தான் என்று அப்போதும் சொல்ல வேண்டியிருந்தது.

நிலம் யாருக்கு என்பதுதான் அந்த நாவல்களில் ஓடுகிற கதை, தொப்பிக்காரன் அதற்குத் துணை. அங்கே பண்ணையைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தால் ஒருவருக்கும் பிழைப்பு ஓடாது. மழை குறைந்த பூமியில் ஒரு குடும்பம் நிற்கவே ஆயிரக்கணக்கான ஏக்கர் வேண்டும். சொத்து மதிப்புக் கோடியில் இருக்கும், கையில் காசு இருக்காது. அதனால் மொத்தமும் ஒரு பிள்ளைக்கு, அந்த ஒரு பிள்ளை பெரும்பாலும் மகன். மகளுக்கு விடுதிப் பள்ளியும் ஒரு நல்ல கல்யாணமும். நாம் வாய்க்கால் வரப்பு வரைக்கும் நாலாகக் கிழித்துப் பங்கு போடுகிறோம், அவர்கள் கிழிப்பதில்லை. இரண்டு ஊரிலும் மகள் நிற்பது வரப்புக்கு வெளியேதான். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்துவிட்டது. எனக்குக் கல்யாணம் 1991-இல். ஐந்து வருடம் கழித்து சார்பதிவாளர் அலுவலகத்தில் அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தேன், யாரும் வற்புறுத்தவில்லை, கேட்கக்கூட இல்லை. நானாகப் போனேன். அண்ணி ஒரு பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்தாள், மாம்பழக் கலர். அது இன்னும் பீரோவில் இருக்கிறது, கட்டியதில்லை. உங்கள் நாவலின் கதாநாயகி பண்ணைக்குத் திரும்பிப் போனதைப் படித்து அழுத மூன்று பேரும் தொப்பிக்காரனுக்காக அழுதார்கள் என்றா நினைக்கிறீர்கள்?

அடைப்புக்குறிக்குள் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் உருப்படியானது அதுதான், அதைக் கொண்டுபோய் ஏன் கொல்லைப்புறத்தில் நிறுத்தினீர்கள்? நான் தங்கியிருந்த விம்மெரா, வோட்ஜோபலுக் என்ற பூர்வகுடி மக்களின் பூமி. 2005 டிசம்பரில்தான் நீதிமன்றம் அவர்களுடைய பூர்வீக உரிமையை ஒப்புக்கொண்டது, விக்டோரியாவிலேயே முதல் முறையாக. அதுவும் ஆற்றோரமாக இருக்கும் அரசு நிலங்களில். தனியார் பெயரில் போய்விட்ட கோதுமை வயலில் அந்த உரிமை செல்லாது. மகளுக்கு ஏன் தரவில்லை என்று முந்நூறு பக்கம் கேட்கிற நாவல், பாட்டனுக்கு யார் தந்தது என்று ஒரு பக்கம்கூடக் கேட்பதில்லை. பென்சில்காரியும் கேட்கவில்லை, பதினோரு புத்தகத்திலும் தேடினேன். ரொம்ப நியாயம் பேச எனக்கும் வாய் இல்லை. எங்கள் களத்தில் நெல் தூற்றியவர்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள், சாயங்காலம் எத்தனை மரக்கால் வாங்கிக்கொண்டு போனார்கள் என்று மேலே அம்மாவைப் பற்றி எழுதும்போது எனக்கும் எழுத வரவில்லை பாருங்கள்.

மழைக் கொட்டகை நாவலின் கடைசிப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அப்பா மனம் மாறி, இனி இது உன் பண்ணை என்று மகளிடம் சொல்கிறார். சூரியன் மறைகிறது, கதாநாயகன் அவள் தோளில் கை போடுகிறான். கீழே இருந்த வெற்றிடத்தில் அதே சாய்ந்த எழுத்து: 'வாயால் சொன்னார். எழுதிக் கொடுத்தாரா?'

அடுத்த கூட்டத்தில் அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள். அறுவடையில் என்ன தப்பு என்று கேளுங்கள், முழுக்கக் கேளுங்கள், இடையில் பேசாதீர்கள். பிறகு முடிந்தால், அவர் பிறந்த பண்ணையில் இப்போது ஹெட்டர் ஓட்டுவது யார் என்று கேளுங்கள். கேட்டதை எனக்கு எழுதுங்கள். நட்சத்திரக் கணக்கு வேண்டாம்.

அன்புடன்,
அக்கா